நடுக்கமெல்லாம் நம் பக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்றொரு ஊர். கொற்றலையாற்றின் கரையோர மண்ணைத் தோண்டினால் அங்கே கற்கோடாரிகள் கிடைக்கின்றன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டுபிடித்ததிலிருந்து பேசப்பட்டு வரும் இடம். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒருவனோ ஒருத்தியோ ஆற்றோரம் குந்தி உட்கார்ந்து, கல்லைக் கல்லால் தட்டித் தட்டிக் கூராக்கிக்கொண்டிருந்த அந்தப் பொழுதில், ஆண்ட்ரோமிடா கேலக்ஸியிலிருந்து புறப்பட்ட கொஞ்சம் வெளிச்சம் பூமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாதி வழிகூட ஆகவில்லை. பத்து லட்சம் ஆண்டு பயணம் முடிந்திருந்தது. பதினைந்து லட்சம் ஆண்டு பாக்கி இருந்தது.

அந்த வெளிச்சம் போன தை மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில், முருங்கைக்கும் கிணற்றடிக்கும் நடுவே இருக்கும் எட்டங்குல டெலஸ்கோப்பின் கண்ணாடியில் வந்து இறங்கியது. படைத்தவனின் பெருமையைச் சொல்ல மலையும் கடலும் போதும்தான். ஆனால் இப்படி ஒன்று வீடு தேடி வரும்போது, ஏற்பதற்கு நாம் விழித்திருக்க வேண்டாமா?

வெறும் கண்ணுக்கு ஆண்ட்ரோமிடா ஒரு புகைத் தீற்றல். பாரசீகத்து அல்-சூஃபி 964-இல் தன் நூலில் அதைச் சிறிய மேகம் என்றே குறித்து வைத்தார். நிலா இல்லாத கிராமத்து இரவில் இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் அது வானில் ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்த நீளம். நம் கண்ணுக்கு எட்டுவது அதன் நடுப்பகுதி மட்டும். மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்ணை நம்பிப் பயனில்லை. கண் ஒரு நொடியின் சிறு பங்கில் பார்த்ததை உடனே கழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சேர்த்து வைக்கத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு மணி நேரம் என்று திறந்து வைத்தால் வந்த ஒளியை எல்லாம் அது கூட்டிக்கொண்டே போகும்.

அங்கேதான் சிக்கல். பூமி சும்மா நிற்பதில்லை. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் அது 23 மணி 56 நிமிஷம் 4 செகண்டில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. பஞ்சாங்கக் கணக்கில் பாகை, கலை, விகலை என்று சொல்வோமே, அதன்படி வானம் ஒவ்வொரு செகண்டும் 15 விகலை நகர்கிறது. இரண்டே நிமிஷத்தில் நிலாவின் அகலம் கடந்துவிடும். என் டெலஸ்கோப்பின் குவியத்தூரம் 1000 மில்லிமீட்டர். அதில் ஒரு விகலை என்பது கேமராவுக்குள் ஏறக்குறைய 5 மைக்ரான். மூன்று விகலை நழுவினால் நட்சத்திரத்தின் வட்டம் நீண்டுவிடும். அதற்கு ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இமை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் படம் கெட்டுவிடும் என்று அர்த்தம்.

எனவே பூமி கிழக்கே சுற்றும் அதே வேகத்தில் டெலஸ்கோப்பை மேற்கே சுற்ற வேண்டும். அதைத் தாங்கும் மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்த அச்சு 50 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் நமக்கோ 12 பாகைதான். மவுண்ட் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும், எதிர்க்கனம் முக்காலியின் காலில் வந்து இடிக்கும். துருவ நட்சத்திரமாவது தெரியுமா என்றால், அந்த உயரத்தில் பாதி ராத்திரி மூட்டம், மீதி ராத்திரி யாரோ வைத்த தென்னை. அதனால் நம் பக்கத்து ஆட்கள் துருவத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். தெற்கே உச்சியில் ஒரு நட்சத்திரம், கிழக்கே தாழ்வாக ஒரு நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டு, அது மேலே வழுகுகிறதா கீழே வழுகுகிறதா என்று பார்த்துப் பார்த்தே அச்சைத் திருத்துவார்கள். பொறுமைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

மோட்டாரைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மோட்டாரின் திருகுப் பல், சக்கரத்தின் பல்லைத் தள்ளித் தள்ளி நகர்த்துகிறது. உலகத்தில் எந்தக் கடைசல்காரரும் குறையே இல்லாத பல் வெட்டியதில்லை. நான்கு நிமிஷத்துக்கோ எட்டு நிமிஷத்துக்கோ ஒரு தடவை டெலஸ்கோப் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். சாதாரண மவுண்டில் இந்த ஆட்டம் இருபது முப்பது விகலை இருக்கும். இதைக் கண்ணாலும் கையாலும் திருத்துவதற்குப் பெயர்தான் கைடிங். இப்போது அதைச் சிறிய கேமராவும் கணினியும் செய்துவிடுகின்றன; 1990 வாக்கில் விற்பனைக்கு வந்த முதல் தானியங்கிக் கருவிகளோடு கைவேலை மெல்ல மறையத் தொடங்கியது. நான் இன்னும் கையால்தான் செய்கிறேன். சிக்கனமும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை.

பெரிய டெலஸ்கோப்பின் முதுகில் ஒரு சிறிய டெலஸ்கோப் உட்கார்ந்திருக்கும். அதன் ஐபீஸில் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு குறுக்கிழை. கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பெயரில்லாத நட்சத்திரத்தை அந்த இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புள்ளியாக வைத்தால் இழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஃபோகஸை ஒரு துளி கலைத்து அதைச் சிறிய தட்டாக்கிக்கொள்வோம். குறுக்கிழை அந்தத் தட்டை நாலு சமக் கூறாக வெட்டும். நாலில் ஒன்று கொஞ்சம் பெருத்தால் கண் உடனே பிடித்துவிடும். கையில் நாலு பொத்தான் உள்ள சிறிய பெட்டி. பெருத்த கூறு மேற்கா கிழக்கா என்று புத்தி யோசிப்பதற்கு முன்பே, பழகிய கட்டைவிரல் சரியான பொத்தானைத் தட்டியிருக்கும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம் உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் டெலஸ்கோப் தளரும். அதனால் கிழக்குப் பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் கனம் கூட்டி வைப்போம், பல் ஒட்டியே இருக்கும். ஷட்டரைத் திறந்த அதிர்வு அடங்கும் வரை குழாயின் வாயில் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு தொடாமல் விலக்குவோம். நடுவில் தெருவில் பைக் வந்து வெளிச்சம் அடித்தால் அட்டை மறுபடி வாய்க்கு வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் பனி கொட்டும். லென்ஸுக்கு அட்டைக் குல்லாய் மாட்டாவிட்டால் பத்து நிமிஷத்தில் நட்சத்திரமே மறைந்துபோகும். மூச்சை ஐபீஸ் பக்கம் விடக் கூடாது. மொட்டை மாடி வேண்டாம். பகலில் குடித்த வெயிலை அது ராத்திரி முழுக்கக் கக்கும், வீட்டுக்குள் யாராவது நடந்தால் தளமும் அதிரும். கொல்லை மண்தான் நல்லது.

வாசல் விளக்கு ஒரு தனிப் பிரச்சினை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு ராத்திரி வேலி ஓரமாக வந்து நின்று கேட்டார்: "என்ன தம்பி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு மணிக்கணக்கா ஒக்காந்திருக்கீங்க? அதுல என்ன ஆடுது?"

"ஆடக் கூடாதுன்னுதாங்க்கா ஒக்காந்திருக்கேன். அந்த லைட்ட மட்டும் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

அணைத்துவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதில் என்னதான் ஆடுகிறது?

முதலில் ஆடுவது பல்சக்கரம். அடுத்து அச்சு. அதற்கடுத்து என் கை, என் களைப்பு. இத்தனையும் சரிசெய்த பிறகும் அந்தச் சிறு தட்டு நடுங்கிக்கொண்டேதான் இருக்கும், அது காற்று. சூடும் குளிருமாக நமக்கு மேலே புரளும் காற்று ஒளியை அங்குமிங்கும் வளைக்கிறது. நட்சத்திரம் மினுக்குகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். இந்தக் குழப்பம் பெரும்பாலும் கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நடப்பது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஒரு செகண்டில் 20,000-த்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். 25 லட்சம் ஆண்டு வந்த பயணத்தில் அதற்கு நேரும் தடுமாற்றம் அவ்வளவுதான், அதுவும் நம் வீட்டுக் கூரைக்கு மேலே வந்த பிறகு. அதற்கு முன்னால் தடுமாறியதா என்று காற்றுக்கு மேலே சுற்றும் ஹபிள் தொலைநோக்கியைக் கேட்டால் தெரியும். ஆண்ட்ரோமிடாவின் ஒரு பகுதியை மட்டும் படமெடுத்து, அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. அத்தனை தொலைவிலிருந்து வந்து, ஒன்றோடொன்று கலக்காமல், ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியும் தன் தன் வழியிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் யாரும் பொத்தான் தட்டவில்லை. நடுக்கமெல்லாம் நம் பக்கம்.

கையால் கைடிங் செய்கிறவனுக்கு இது படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தி இல்லை. கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பூமி உருண்டு போவதை விரலால் உணர்ந்துகொண்டே, உருளாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது. எனக்குத் தெரிந்த வழிபாடுகளில் இதுவும் ஒன்று.

ஃபிலிம் காலத்து ஆட்களுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. ஃபிலிமில் இருப்பது வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். ஒரு ஒளித்துகள் வந்து பட்டால் படிகத்துக்குள் ஓர் அணு வெள்ளி உருவாகும். ஆனால் தனியாக ஓர் அணு நிலைக்காது. கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி உப்பாகிவிடும். அதற்குள் இரண்டாவது துகள் வந்தாக வேண்டும். மூன்று நான்கு அணுக்கள் சேர்ந்துவிட்டால்தான் அந்தப் படிகம் தான் கண்டதை மறக்காது, கழுவும்போது கறுக்கும். பகல் வெளிச்சத்தில் இது பிரச்சினையே இல்லை. கேலக்ஸியிலிருந்து வருவதோ எண்ணிப் போட்ட ஒளி. ஒரு துகள் வந்து அடுத்தது வருவதற்குள் முதல் நினைவு போய்விடும். ஆகவே ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவில் வைத்துச் சூடேற்றி, அதன் ஞாபகத்தைக் கூட்டினார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் எவரெட் க்ரைமர் என்ற அமெச்சூர், உலர்பனிக்கட்டி வைத்து ஃபிலிமையே உறைய வைக்கும் கேமராவைப் பன்னிரண்டரை அங்குல டெலஸ்கோப்பில் மாட்டி, மெஸ்யே பட்டியலில் உள்ள வான்பொருள்களைப் படமெடுத்தார். குளிரில் படிகம் சீக்கிரம் மறப்பதில்லை. ஒரு வெள்ளி அணு இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் நட்சத்திரம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால், இரண்டாவது துகள் வேறு படிகத்தில் போய் விழும். இரண்டும் வீண். கைடிங் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நுணுக்கமான காரணம் கிடையாது.

இந்தக் கொல்லைப்புற வேலைக்கு ஒரு மூதாதை உண்டு. ஐசக் ராபர்ட்ஸ், வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் கட்டடக் காண்டிராக்ட் எடுத்துப் பிழைத்தவர். பல்கலைக்கழக வானியலாளர் அல்ல. சம்பாதித்த பணத்தில் 20 அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி, ஊருக்கு வெளியே மாகல் என்ற இடத்தில் தன் வீட்டருகே நிறுத்தினார். அதோடு சேர்த்து ஏழங்குல லென்ஸ் டெலஸ்கோப் ஒன்று, வழிகாட்டி நட்சத்திரத்தைப் பார்ப்பதற்காக. 1888 டிசம்பர் 29 அன்று அவர் எடுத்த ஆண்ட்ரோமிடா படத்தில்தான், அதுவரை புகையாக மட்டுமே தெரிந்த பொருளில் சுழன்று விரியும் கைகள் முதன்முதலாகத் துலங்கின. டிசம்பர் மாத இங்கிலாந்துக் குளிரில், அசையாமல், மணிக்கணக்கில். 1895-இல் ராயல் அஸ்ட்ரானமிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

ஒரு வேடிக்கை: தான் பிடித்தது என்ன என்று ராபர்ட்ஸுக்குத் தெரியாது. வாயு சுழன்று ஒரு சூரியக் குடும்பம் உருவாகும் காட்சி என்றே அவரும் அந்தக் காலத்துப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கான சூரியன்கள் அந்தப் புகைப்படத் தகட்டில் விழுந்திருந்தன. ஒரே ஒரு சூரியன் பிறப்பதாக நினைத்தார்கள். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சன் மலை ஆய்வகத்தின் 100 அங்குல டெலஸ்கோப்பில் அங்கே ஒரு துடிக்கும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்ட பிறகுதான் அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் இன்னொரு பால்வெளி என்பது நிச்சயமானது. அவர் போட்ட தூரக் கணக்கும் குறைவுதான், ஒன்பது லட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம்.

அதே மவுண்ட் வில்சனில் மில்டன் ஹுமாசன் என்றொருவர் இருந்தார். பதினாலு வயதில் பள்ளியை விட்டவர்; மலைமேல் ஆய்வகம் கட்டச் சாமான் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டியவர்; பிறகு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை, பிறகு இரவு உதவியாளர், பிறகு வானியலாளர். ஒரு தொலைதூரக் கேலக்ஸியின் நிறமாலையைப் பிடிக்க அவர் 33 மணி நேரம் ஒரே தகட்டுக்கு ஒளி கொடுத்தார். விடிந்தால் மூடி, மறுநாள் ராத்திரி அதே இடத்தில் திறந்து, அதே புள்ளியை மறுபடியும் இழையில் நிறுத்தி. செகண்டுக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கேலக்ஸி நம்மை விட்டு விலகிப் போகிறது என்று 1929-இல் சொன்னார். பேரண்டம் விரிகிறது என்ற செய்திக்கு அடியில் இப்படி ஒரு கழுதைக்காரரின் கண் இருக்கிறது. படிப்பாளிகளுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்தக் கண்ணுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆண்ட்ரோமிடா படத்துக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அதில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கேலக்ஸி நமக்கு நேர்முகமாக இல்லை, நன்றாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. ஒரு விளிம்பு நம் பக்கம், மறு விளிம்பு அப்பால். குறுக்களவு ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கும் மேல். அப்படியானால் தூரத்து விளிம்பின் ஒளி, கிட்டத்து விளிம்பின் ஒளியைவிட ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் முன்பாகவே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்பட்டது எப்போதோ, சேர்ந்தது ஒரே நொடியில். நாம் எடுக்கும் குடும்பப் படத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே கணத்தில் நிற்கிறார்கள். இங்கே படத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் நடுவில் மனித இனத்தின் வரலாற்றில் ஒரு பெரும் பங்கு அடங்கிவிடும். கணினித் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கிட்டத்து விளிம்பில் ஓடும் கறுத்த தூசிப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணம் வந்து என்னைப் பேச்சற்றவனாக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஆண்ட்ரோமிடா கொஞ்சம் வஞ்சனை செய்கிறது. அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது புரட்டாசியில். அடுத்த இரண்டு மாதம் வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகும்போது மார்கழி வந்துவிடும், பொழுது சாய்ந்ததும் மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். தையில் முன்னிரவு மட்டும் கிடைக்கும். ஆனால் இதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகப் பங்குனி ஈடு செய்கிறது.

உத்திர நட்சத்திரம் என்று நம் பஞ்சாங்கம் சொல்வது சிம்ம ராசியின் வாலில் இருக்கும் நட்சத்திரம். அதற்குக் கிழக்கே, வெறும் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் வானத்தில்தான் விர்கோ கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில். அவற்றின் நடுநாயகம் எம்-87. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் என்று பத்திரிகைகளில் ஆரஞ்சு வளையம் ஒன்று வந்ததே, அது இதன் வயிற்றில் இருப்பதுதான். 650 கோடி சூரியன்களின் எடை. வான நடுக்கோட்டுக்கு வடக்கே எம்-87 இருப்பது ஏறக்குறைய பன்னிரண்டே கால் பாகையில். திருவண்ணாமலையின் அட்சரேகையும் ஏறக்குறைய பன்னிரண்டே கால். அதாவது பங்குனி நடுவில், நள்ளிரவு வாக்கில், அந்தப் பிரம்மாண்டம் அண்ணாமலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஒளி கடக்க வேண்டிய காற்றின் தடிமன் மிகக் குறைவாக இருக்கும் வழி அதுதான். ஐரோப்பாவில் எந்தக் கோட்டையில் எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வைத்திருந்தாலும் இந்த வசதி கிடைக்காது.

பங்குனி உத்திரத்தன்று மட்டும் முயல வேண்டாம். அன்றைக்குப் பௌர்ணமி, முழு நிலா அதே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வெளுத்துவிடும். சாமி ஊர்வலம் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து அமாவாசை ஒட்டி உட்காரலாம். அங்கிருந்து அன்று வரும் ஒளி புறப்பட்டபோது இமயமலை கிடையாது. இந்திய நிலத்தட்டு ஆசியாவின் மேல் மோதத் தொடங்கியதே ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். மலை எழுந்தது, பனி மூடியது, கங்கை இறங்கியது. அவ்வளவு நேரமும் இந்த ஒளி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

உச்சியில் ஒரு சங்கடம் உண்டு. உச்சிக்கோட்டைத் தாண்டும்போது குழாயின் அடிப்பாகம் முக்காலியில் முட்டும். எக்ஸ்போஷரை நிறுத்தி, மொத்தக் கருவியையும் மறுபக்கம் புரட்டிப் போட்டு, வழிகாட்டி நட்சத்திரத்தை மறுபடி தேடியாக வேண்டும். கழுத்தும் அதற்குள் வலி எடுத்திருக்கும். அந்த இடைவெளியில் சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் தெற்கே திரும்பிப் பார்ப்பது வழக்கம். எம்-87 கடந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்டாரஸ்-ஏ என்ற கேலக்ஸி தெற்கே 35 பாகை உயரத்துக்கு ஏறி வந்திருக்கும். ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. உருண்டையான ஒளியின் குறுக்கே கறுப்புத் துண்டு கட்டியதுபோல் தூசிப் பட்டை. ஐந்து நிமிஷப் படத்திலேயே அந்தப் பட்டை விழுந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் 1826-இல் கண்டது. இங்கிலாந்தில் தன் வீட்டுக் கருவியோடு குளிரில் உட்கார்ந்திருந்த ராபர்ட்ஸுக்கு அது ஒரு நாளும் அடிவானத்துக்கு மேல் வந்ததில்லை.